ஜாம் தாச்சிக்கு ஈயம் பூசவேண்டாம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், மனையியல் பயின்ற பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்களுக்குத் தந்திருப்பது இருபது நிமிடம். நூறு ஆண்டுகளைக் கொண்டாட வந்த இடத்தில் இவர்கள் ஒரு சட்டியைப் பற்றிப் பேச எழுந்து நிற்கிறார்களே என்று சிலர் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்தச் சட்டியைப் பற்றிச் சங்கம் இந்த ஆண்டு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுக்கும் முடிவு பிழைத்தால் பிள்ளைகளின் வயிற்றில்தான் போய் விடியும்.

மனையியல் கூடத்துச் சாமான் அறையில், மேல்தட்டில், இரண்டு செம்புத் தாச்சிகள் இருப்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மூத்தவர்கள் அவற்றை ‘ஜாம் தாச்சி’ என்பார்கள். வாய் ஒன்றரை அடி அகலம், ஆழம் அரை அடிதான், இரண்டு பக்கமும் பித்தளைக் காது. நூற்றாண்டு விழாவுக்காக அறையைத் துப்பரவு செய்தபோது அவை கீழே இறங்கின. இறங்கியதுமே மூன்று யோசனைகள் வந்தன. நிறைக்கு விற்றுவிடலாம், செம்பு இப்போது நல்ல விலை போகிறது என்பது ஒன்று. கண்ணாடி அலுமாரியில் வைக்கலாம் என்பது இன்னொன்று. உள்ளே ஈயம் பூசி, விழா நாட்களில் சாம்பாரும் புளிச்சாதமும் காய்ச்சலாம் என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல மனத்தோடு சொல்லப்பட்டவை. மூன்றாவதுதான் எங்களைப் பேச வைத்தது.

முதலில் பாத்திரத்தைப் பாருங்கள். இரண்டில் பெரியதன் அடியில், விரல் நகமளவில், ஒரு அம்புக்குறி அடித்திருக்கிறது. மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அந்தக் குறி பிரித்தானிய அரசின் உடைமைக்கு இடும் அடையாளம். கடற்படைக் களஞ்சியத்துச் சாமான்களில் அது இருந்தது. ஆக, இது ஒரு காலத்தில் துறைமுகத்துப் பக்கம் ஏதோ ஒரு குசினியில் இருந்த பொருள். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. போனவர்கள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றவில்லை. உவர்மலையிலும் டொக்யாட் வீதியிலும் இருந்த எத்தனையோ வீடுகளில் அவர்களுடைய மேசையும் கதிரையும் பீங்கானும் எங்கள் காலம் வரை பாவனையில் இருந்தன.

சிறியதில் அம்புக்குறி இல்லை. அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாகப் பல்லுப் பல்லாக ஒரு பொருத்து ஓடுகிறது. தகட்டின் இரு ஓரங்களையும் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பித்தளை உருக்கிப் பற்றவைத்து, சுத்தியலால் தட்டிச் செய்த கைவேலை அது. இயந்திரத்தில் சுழற்றி எடுத்த பாத்திரத்தில் இந்தப் பல்லு வராது. உங்கள் அம்மம்மாவின் பாத்திரம் எவ்வளவு பழையது என்று பார்க்க விரும்பினால் முதலில் இந்தப் பொருத்தைத் தேடுங்கள்.

செம்புக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு இந்தத் தாச்சிகளோடு தொடங்கியதல்ல. இந்தத் தீவின் பழம்பெயரான தாம்பிரபர்ணி என்பதிலேயே தாமிரம் இருக்கிறது. நம் மாவட்டத்துச் சேருவிலவில், மண்ணுக்கடியில், செம்புத் தாதுவும் காந்த இரும்புத் தாதுவும் கலந்து கிடப்பதை 1970களின் தொடக்கத்தில் புவிச்சரிதவியலாளர் கண்டறிந்தார்கள். துறைமுகத்துக்கோ செம்பு கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. 1780களில் பிரித்தானியக் கடற்படை தன் மரக்கப்பல்களின் அடிப்பாகம் முழுவதையும் செம்புத் தகட்டால் மூடியது. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவும், ஒட்டிக்கொள்ளும் சிப்பியும் பாசியும் செம்பை அண்டமாட்டா. எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ‘ட்ரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் இருக்கும் தங்கைமார் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கப்பற்கதையைச் சும்மா சொல்லவில்லை. சிப்பி ஏன் செம்பை அண்டவில்லை? செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சாகிறது, அதனால்தான். அதே உலோகத்தில் நாங்கள் பழம் காய்ச்சுகிறோம். எப்படிக் காய்ச்சினால் கரையாது, எப்படிக் காய்ச்சினால் கரையும் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஜாமுக்கு ஏன் செம்பு? இரண்டு காரணம். ஒன்று, சூடு. எவர்சில்வரைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் செம்பு சூட்டைக் கடத்தும். விறகு அடுப்பில் நெருப்பு ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும் எரியும். எவர்சில்வர்ச் சட்டியில் நெருப்புக்கு நேர் மேலே உள்ள இடம் மட்டும் கருகும். செம்பில் சூடு முழு அடிக்கும் பரவிவிடும். நெருப்பை இழுத்தால் உடனே தணியவும் செய்யும். விளாம்பழ ஜாம் கிண்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கூழாகத் தடித்து, குமிழ் வெடித்து, முழங்கை வரை தெறிக்கும் சாமான் அது, ஒரு நிமிடம் அகப்பை நின்றாலும் அடிப்பிடிக்கும்.

மற்றது, வடிவம். வாய் அகலம், ஆழம் குறைவு. தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், அதனால் கொதிக்கும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் பழத்தின் நிறமும் மணமும் தப்பும். கொய்யா ஜெலியை ஒடுங்கிய அண்டாவில் ஒரு மணித்தியாலம் வற்றவைத்தால் தேயிலைச்சாயம் மாதிரி வரும். தாச்சியில் கால் மணித்தியாலத்தில் இறக்கினால் மாதுளம் முத்து மாதிரி வரும். இது எங்கள் கண்ணால் கண்டது.

இனி, ஈயம். எங்கள் வீடுகளில் புளிச்சாமான் காய்ச்சும் பித்தளை, செம்புப் பாத்திரங்களுக்கு உள்ளே ஈயம் பூசியிருக்கும். ஈயம் பூசுபவர் வளவுக்குள் குழி தோண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் ஓட்டித் தேய்ப்பார். வெள்ளைப் புகை எழும்பும், அடுத்த கணம் உள்ளே நிலவு மாதிரி மின்னும். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் இப்போது அருமை.

ஆனால் ஜாம் தாச்சிக்கு எங்கள் ஆசிரியைமார் ஒரு நாளும் ஈயம் பூசவிட்டதில்லை. செலவு பார்த்தல்ல. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். கொதிக்கும் ஜாம் 105 பாகைக்கு மேல் போகாது என்பது உண்மை. ஆனால் வற்றிவரும்போது ஓரத்தில் காய்ந்து ஒட்டும் சீனிப்பாகு அந்த இடத்தில் எவ்வளவு சூடாகும் என்று யார் அளப்பது? வெறும் தாச்சியை விறகு நெருப்பில் வைத்துவிட்டுச் சீனி நிறுக்கப் போனால் போதும், பூச்சு உருகி ஓடிவிடும். அதோடு, இடைவிடாமல் அகப்பை உரசும் அடி அது. மென்மையான பூச்சு எத்தனை நாளைக்கு நிற்கும்? பூச்சு அரைகுறையாகத் தேய்ந்த பாத்திரம் பூசாத பாத்திரத்தைவிட மோசம். உள்ளே வெள்ளையாகத்தானே இருக்கிறது என்ற நம்பிக்கையில் புளிக்கறியை ஊற்றிவிடுவோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. வெள்ளீயம் விலை கூடியது. காரீயம் கலந்து பூசினால் பூசுபவருக்கு லாபம், பிள்ளைகளின் மூளைக்கு நட்டம். பார்த்துப் பிரித்தறிய எங்களால் முடியாது. தாச்சிக்கு ஈயம் பூசிச் சாம்பார் காய்ச்சலாம் என்ற யோசனையை நாங்கள் மறுப்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் ஈயமில்லாத செம்பில் ஜாம் மட்டும் எப்படிப் பாதுகாப்பு? பழத்தில் புளிப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. புளிப்பு செம்பைக் கரைக்கும் என்பதும் உண்மை. சீனி நிறையச் சேர்ந்து கொதிக்கும் பாகில் அந்தக் கரைதல் மிகவும் மந்தமாகிறது, காய்ச்சும் நேரமும் குறைவு. அதனால்தான் பிரான்சில் வீட்டுக் குசினிகளில் இன்றும் ஈயம் பூசாத செம்புத் தாச்சியில் ஜாம் காய்ச்சுகிறார்கள். பரிஸில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் சந்தையில் ‘பஸ்ஸின் ஆ கொன்ஃபித்யூர்’ என்று கேட்டால் இதே தாச்சியை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு சில ஒழுங்குகளுக்குக் கட்டுப்பட்டது. மனையியல் வகுப்பில் காரணம் சொல்லாமல் எங்களுக்குப் பழக்கிய ஒழுங்குகள் அவை.

சீனி சேராமல் பழம் தாச்சிக்குள் போகக்கூடாது. இதுதான் எல்லாவற்றுக்கும் முதல். ஜெலிக்கு முதலில் கொய்யாவை வெட்டித் தண்ணீரில் அவிக்கவேண்டும் அல்லவா? அதை எனமல் சட்டியிலோ எவர்சில்வரிலோ அவியுங்கள். வெள்ளைத் துணியில் இரவு முழுவதும் வடியவிடுங்கள். துணியைப் பிழியக்கூடாது, பிழிந்தால் ஜெலி கலங்கும். காலையில் ஒரு கோப்பைச் சாறுக்கு முக்கால் கோப்பை சீனி, கொஞ்சம் தேசிப்புளி, சீனி கரையும் வரை வெளியே கலக்கி, அதன் பிறகுதான் செம்பு. விளாம்பழத்தையும் அப்படியே வேறு பாத்திரத்தில் கரைத்து, விதை போக அரித்து, சீனியோடு கலந்த பின்தான் தாச்சியில் ஊற்றவேண்டும்.

ஆற விடக்கூடாது. “பிள்ளை, கதை பிறகு, முதல்ல வழிச்சு எடு” என்ற குரல் எங்களில் பலருக்கு இன்னும் காதில் கேட்கும். பதம் வந்தவுடன் சுடச்சுடப் போத்தலில் ஊற்றவேண்டும். மிஞ்சியதைத் தாச்சியிலே மூடிவைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடவே கூடாது. செம்பு கரைவது பெரும்பாலும் அடுப்பில் அல்ல, இப்படி இரவில் ஆறிக் கிடக்கும்போதுதான்.

காய்ச்சுவதற்குச் சற்று முன்பு புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, துடைத்திருக்கவேண்டும். போன வருடம் தேய்த்தது போதாது. பச்சைக் களிம்பு ஒரு புள்ளி இருந்தாலும் பாவிக்கக்கூடாது. புளியின் அமிலம் களிம்பைக் கரைத்து இளஞ்சிவப்புச் செம்பை வெளியே கொண்டுவருகிறது. பாத்திரத்தை வெளுக்கவைக்கும் அதே வேலையைத்தான் புளிக்கறியும் செய்யும், அப்போது கரைந்ததெல்லாம் கறிக்குள் இருக்கும். போத்தலில் வரும் மினுக்கும் பசைகளை உட்பக்கம் தொடவிடவேண்டாம்.

பதம் பார்ப்பதற்குக் குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளுவோம், தோல் சுருங்கினால் சரி. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 104, 105 பாகை. இது கடல்மட்டத்து ஊரான எங்களுக்கு. நுவரெலியாவில் தண்ணீரே 94 பாகையளவில் கொதித்துவிடும், அங்கே 105 வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கல்லு மாதிரி இறுகிவிடும். உங்கள் ஊரில் தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட நாலரைப் பாகை கூட என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீனித் தட்டுப்பாட்டுக் காலங்களில் பனங்கட்டி போட்டுக் காய்ச்சிப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். 1970களில் சீனி பங்கீட்டுக்குத்தான் கிடைத்தது. பனங்கட்டியில் ஜாம் ருசியாக வரும், ஆனால் இறுகாது, ஒழுகும். முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கும் கருப்பநீரில் காய்ச்சுவதால் பனங்கட்டி பழத்தின் புளிப்பைக் குறைத்துவிடுகிறது. பழத்திலுள்ள பெக்டின் பிடித்து இறுகுவதற்குப் புளிப்பு வேண்டும். தேசிக்காயைக் கூட்டிப் பிழிந்தால் ஓரளவு சரிவரும். பாண் கிடைத்த நாட்களில் அந்த ஒழுகும் ஜாமும் இனித்தது என்று அக்காமார் சொல்வார்கள்.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம். செம்புப் பாத்திரத்தில் எதைச் சமைத்தாலும் உடம்புக்கு நல்லது என்று ஒரு செய்தி எங்கள் குழுவிலேயே மூன்று முறை சுற்றிவிட்டது. தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உடம்புக்குச் செம்பு வேண்டும், துளியளவு வேண்டும், அது சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கூடினால் முதலில் வயிற்றுப் புரட்டலும் வாந்தியும். அதைவிடப் பெரியதும் நடந்திருக்கிறது. இந்தியாவில் கைக்குழந்தைகளின் ஈரலைக் கெடுத்து உயிரையே வாங்கிய ஒரு நோய் இருந்தது. 1980களில் புனேயில் ஆராய்ந்த மருத்துவர்கள், ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலைக் குழந்தைகளுக்குக் கொடுத்ததோடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். பாத்திரங்கள் மாறிய பிறகு நோயும் அருகியது. பாலில் புளிப்பில்லையே என்று நினைக்கவேண்டாம், பாலும் செம்பை இழுக்கும். ஆகவே பேரப்பிள்ளைக்குப் பழைய செம்பில் பால் காய்ச்சிக் கொடுக்க ஆசைப்படும் அம்மம்மாமாரே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம், வேண்டாம்.

ஊறுகாயும் வேண்டாம். லண்டனில் பிரெடெரிக் ஆக்கம் என்ற இரசாயனவியலாளர் 1820இல் உணவுக் கலப்படம் பற்றி ஒரு நூல் எழுதினார். ஊறுகாய்க்கு நல்ல பச்சை நிறம் வரவேண்டுமென்று செம்புப் பாத்திரத்திலும், செம்புக் காசு போட்டும் காய்ச்சுகிறார்கள் என்று அதில் கடுமையாகக் கண்டித்தார். இருநூறு வருடமாகியும் அந்தப் புத்தி எங்களுக்கு இன்னும் எட்டவில்லை.

வெளிநாடுகளில் இருப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அம்மாவின் செம்புத் தாச்சி உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால், இண்டக்‌ஷன் அடுப்பில் அது வேலை செய்யாது, வாயு அடுப்பு வேண்டும். பழம்பொருள் சந்தையில் வாங்குபவர்கள் உட்பக்கத்தைப் பாருங்கள். சுவரில் மாட்டுவதற்காகச் செய்தவற்றில் வார்னிஷ் பூசியிருக்கும், அவை அடுப்புக்கல்ல. தூக்கிப் பார்த்தால் பாரமில்லாமல் பேணித் தகடு மாதிரி இருப்பதும் அப்படியே. அமெரிக்காவில் ஜாம் காய்ச்சி விற்க நினைப்பவர்கள் கவனம். பி.எச். 6க்குக் கீழான புளிப்புள்ள உணவு செம்பைத் தொடக்கூடாது என்று அங்குள்ள மாதிரி உணவு விதிக்கோவை சொல்கிறது. பழ ஜாம் எல்லாம் அதற்குள் அகப்படும். வீட்டுக்குச் செய்வது உங்கள் விருப்பம். செம்பில் காய்ச்சினால் பழத்திலுள்ள விற்றமின் சி அதிகம் அழியும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். விற்றமினுக்காக யாரும் ஜாம் தின்பதில்லை, கொய்யாவைப் பச்சையாகவே தின்னலாம்.

நிறைக்கு விற்கும் யோசனைக்கு எங்கள் பதில் சுருக்கமானது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாளிலிருந்து, இந்த ஊர்ச் சனம் எத்தனை தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பலருக்கு இருந்தது கிணற்றடியில் புதைத்துவைத்த பாத்திரம் மட்டும்தான். அதையும் பிறகு அரிசிக்காகப் பழைய பித்தளை வாங்குபவரிடம் நிறுத்துக் கொடுத்தவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்தது பசியில். சங்கத்துக்கு அந்த நிலை இல்லை.

கண்ணாடி அலுமாரி யோசனையை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அலுமாரிக்குள் போன பாத்திரம் எப்படிப் பாவிப்பது என்பது ஒரு தலைமுறையில் மறந்துபோகும். மறந்த பிறகு யாரோ ஒருவர் அதை வெளியே எடுத்து, ஈயம் பூசி, சாம்பார் காய்ச்சுவார். எனவே நாங்கள் கேட்பது இது. தாச்சிகள் சாமான் அறையிலேயே இருக்கட்டும். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, கொய்யா மலிந்த காலத்தில், மனையியல் மாணவியரும் நாங்களும் சேர்ந்து ஜெலி காய்ச்சுகிறோம். இன்னொரு நாள், தம்பலகாமத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் விளாம்பழம் விழும்போது, ஜாம். பிள்ளைகள் தாச்சியைத் தங்கள் கையால் புளி போட்டுத் தேய்க்கவேண்டும், சுடச்சுட வழிக்கவேண்டும். போத்தல்களை விற்று வரும் பணம் மனையியல் கூடத்துக்கு. மேல்தட்டில், தாச்சிகளுக்குப் பக்கத்தில், ‘ஈயம் பூசவேண்டாம். சீனி சேராத எதையும் காய்ச்சவேண்டாம். பால் வேண்டாம். ஆறவிடவேண்டாம்’ என்று எழுதிய பலகை ஒன்றை அடுத்த கிழமையே மாட்டிவிடுகிறோம்.

பழம் அவிப்பதற்கு எங்களிடம் நல்ல எனமல் சட்டி இல்லை. உள்ளே எனமல் தெறிக்காத பெரிய சட்டி இரண்டும், நீண்ட காம்புள்ள மர அகப்பைகள் நாலும், மூடி இறுகும் போத்தல்களும் வேண்டும். தரக்கூடியவர்கள் தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் இருக்கும் கொப்பியில் பெயரை எழுதிவிடுங்கள். பலருடைய வீடுகளில் இன்னும் இப்படியான தாச்சிகள் இருக்கின்றன என்று கேள்வி. இருந்தால் அடிப்பக்கத்தையும் பொருத்தையும் படமெடுத்து அனுப்புங்கள், மலரின் அடுத்த பகுதிக்குச் சேர்க்கிறோம்.